ஒத்திக்காரர் முதலில் குடிபோன வீடு

வீட்டுக் கடன் வாங்கிக் கொடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, நான் எட்டாம் வகுப்பைக்கூட முழுசாக முடிக்காதவன். ஆனால் திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் போய் நின்றாலும் நான் கடன் வாங்கிக் கொடுத்துக் குடி வைத்த வீடு ஒன்றாவது உங்கள் கண்ணில் படும். சும்மா சொல்லவில்லை, போய்ப் பாருங்கள். எனக்கு நாற்காலி போடாத மேனேஜர் இந்த ஊரில் கிடையாது. ஒரே ஒருவர் போடவில்லை. மறு மாதமே அவரும் எழுந்து நின்று போட்டார்.

எந்தக் காகிதம் முதலில், எந்தக் காகிதம் பிறகு என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. செல்போனில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

இருக்கிற வீட்டை விற்றுவிட்டு இன்னொரு வீட்டுக்குப் போகிறவர்களின் கண்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதன்முதலில் வீடு வாங்குகிறவர்கள் பயத்தோடு வருவார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். வீடு மாறுகிறவர்கள் அப்படியில்லை. அவர்கள் கண்ணில் ஒரு மயக்கம் இருக்கும். இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருப்பார்கள். காபி டம்ளரைக் கையில் கொடுத்தால், இன்னும் வாங்காத மேசை மேல் வைக்கப் போவார்கள். நீங்கள் காட்டுகிற இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவார்கள்.

சிறுமலை வாழைக்காய் வியாபாரி ஒருவருக்கு அப்படி ஒரு வீடு மாற்றிக் கொடுத்தேன். புது வீட்டுக்குப் போய் வாரக்கணக்கில் ஆகிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் மார்க்கெட் முடிந்து களைப்பாக நடந்தவர், கால் போன போக்கில் பழைய வீட்டுக்கே போயிருக்கிறார். கொடுக்க மறந்து மடியில் கிடந்த பழைய வீட்டின் இன்னொரு சாவியால் கதவைத் திறந்து, துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டார். வீட்டை வாங்கிய அம்மா கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், கூடத்தில் முன்பின் தெரியாத ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். தெருவே கூடிவிட்டது. நான்தான் போய் எழுப்பினேன்.

"ஏன்ணே இங்க படுத்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்க?" என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. வீடு மாறுகிறவர்கள் தூக்கத்தில் நடக்கிறவர்கள். முழித்திருக்க வேண்டியது நாம்தான்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். என் தொழிலில் எத்தனையோ சிக்கலை அவிழ்த்திருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல மாட்டேன்.

மலைக்கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு சந்து. காலையில் வெகுநேரம் வரைக்கும் பாறையின் நிழல் அதன் மேல் படுத்திருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தின் கடைசியில் செல்வராஜின் வீடு. அவர் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். மனைவி ஜெயா. ஒரே மகள் மலர், கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். மலருக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காலும் எழும்பவில்லை. அதற்கும் சேர்த்து வாய் நடக்கும்.

சந்துக்குள் ஆட்டோ வராது. சக்கர நாற்காலியும் அந்தப் படிகளில் ஏறாது. தினமும் காலையில் செல்வராஜ் மகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்து ஆட்டோவில் உட்கார வைப்பார். சாயங்காலம் அதே மாதிரி தூக்கி வருவார். பள்ளிக்கூட நாளிலிருந்து அதுதான் வழக்கம். அந்த வருஷம் அவருக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி, இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெயா தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் தூக்க வந்தார்கள். மலர் வேண்டாம் என்றுவிட்டாள். அன்றோடு கல்லூரி நின்றது.

ரெட்டியார்சத்திரம் போகிற வழியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. தரையோடு தரையாக ஒரே தளம். வாசலில் படி இல்லாமல் சரிவாகக் கட்டியிருந்தார்கள். ஆட்டோ கேட் வரைக்கும் வரும். கிழக்கே ஊரைத் தாண்டி, சிறுமலை நீலமாக ஒரு கோடு போலத் தெரியும். நெய்க்காரப்பட்டி விவசாயி ஒருவர் மகனுக்காகக் கட்டியது. மகன் திருப்பூரிலேயே தங்கிவிட்டான். வீடு கட்டி முடித்ததோடு சரி, ஒரு நாள்கூட அடுப்பு எரியவில்லை.

செல்வராஜ் அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். அவர் கண்ணிலும் அதே மயக்கம். பழைய வீட்டின் மேல் ஒரு கடன் இருந்தது. அந்த வீட்டை விற்றுக் கடனை அடைத்து, புது வீட்டுக்குப் புதுக் கடன் எடுக்க வேண்டும். பழைய வீட்டை வாங்க ஆள் ரெடி. அவரும் பேங்க் கடனில்தான் வாங்குகிறார். ஆவணி முடிவதற்குள் பணம் முழுவதும் கொடுக்காவிட்டால் நெய்க்காரப்பட்டிக்காரர் வீட்டை வேறு ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அக்ரிமென்டில் இருந்தது. வேறு ஆளும் காத்துக்கொண்டிருந்தார்.

இதுவரைக்கும் நீங்களே செய்துவிடுவீர்கள். சிக்கல் மாடியில் இருந்தது.

மாடி வீட்டில் காதர் பாயும் அவர் மனைவி நூர்ஜகானும் ஒத்திக்கு இருந்தார்கள். வெளியூரிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒத்தி என்றால் வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் குடியிருப்பார்கள். காலி பண்ணும்போது அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பார்கள். பணமும் சாவியும் ஒரே நேரத்தில் கை மாற வேண்டும். நம் பக்கத்தில் இது சர்வ சாதாரணம். பேங்க்காரர்கள்தான் ஒத்தி என்றாலே பேனாவை மூடி வைத்துவிடுவார்கள்.

காதர் பாய் தோல் மண்டியில் வேலை பார்த்தார். நூர்ஜகான் இடியாப்பம் அவித்து ஓட்டல்களுக்குக் கொடுப்பார். அவர்கள் கொடுத்த ஒத்திப் பணம் மலரின் வைத்தியத்துக்கு என்றைக்கோ போய்விட்டது. வீடு விற்று வந்தால்தான் செல்வராஜால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியும். வாங்குகிறவரின் பேங்க்காரர்களோ, மாடியில் ஆள் இருக்கிற வரைக்கும் கடன் தர மாட்டோம் என்கிறார்கள். ஒத்திப் பணம் கைக்கு வராமல் காதர் பாய் எங்கே போவார்? அடுத்த ஒத்தி வீட்டுக்குக் கொடுக்க அவரிடம் வேறு பணம் ஏது? ஒருவர் நகர்ந்தால்தான் அடுத்தவர் நகரலாம். யாரும் நகர முடியாமல் எல்லோரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் சந்து வீட்டில் உட்கார்ந்திருக்கையில் செல்வராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். "அண்ணே, பேங்க் இன்ஜினியர் வீட்டைப் பாக்க வர்ற அன்னைக்கு மட்டும் பாய் குடும்பத்தை ஏர்வாடி தர்காவுக்கு அனுப்பி வச்சுருவோம். மாடியைப் பூட்டிட்டு, எங்க சாமான் ரூமுன்னு சொல்லிருவோம்."

கட்டிலில் இருந்து மலர் கேட்டாள், "ஏம்ப்பா, சாமான் ரூம்ல யாரு இடியாப்பத் தட்டு காயப்போடுவா?"

"நீ சும்மா இரு."

"நான் எங்க போக? சும்மாதான இருக்கேன்."



இந்தப் பூட்டுகிற வேலையை இந்தத் தொழிலில் பலபேர் செய்வார்கள். நீங்கள் செய்யாதீர்கள். தர்மத்துக்காக மட்டும் சொல்லவில்லை. குடியிருக்கிற வீட்டை மறைக்க முடியாது. கொடிக்கயிறு சொல்லும், ஜன்னல் விளிம்பில் இருக்கிற சோப்புத்துண்டு சொல்லும். இன்ஜினியர் ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அந்த வீட்டுக்கு மட்டுமில்லை, உங்கள் பெயருக்கும் கடன் கிடையாது. என் பெயருக்கு இந்த ஊரில் ஒரு விலை இருந்தது.

நான் மாடிக்கு ஏறினேன். உள்ளே ஒரே ஆவி. இடியாப்பம் வேகிற வாசனையில் அந்தச் சின்ன அறை மிதந்துகொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

"வாங்கண்ணே. செத்த நேரம் உக்காருங்க, தட்டை இறக்கிட்டு வாரேன்" என்றார் நூர்ஜகான்.

காதர் பாய் பாயை விரித்துப் போட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"போக மாட்டோம்னு சொல்லலண்ணே. போக எடமில்லைன்னுதான் சொல்றோம். நாங்க குடுத்த காசு இந்தச் செவுத்துக்குள்ள இருக்கு. காசு கைக்கு வர்ற வரைக்கும் இந்தச் செவுரு எங்களுக்கு வேணும். வேற என்ன இருக்கு எங்ககிட்ட?"

நூர்ஜகான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அந்தப் புள்ள காலேஜுக்குப் போகாம கீழ ஒக்காந்து சத்தமாப் படிக்கிது. மேல கேக்குது. கேக்கக் கேக்க மனசு என்னமோ பண்ணுது. ஆனா நாளைக்கு நான் எங்க போய் அடுப்புக் கூட்ட? இம்புட்டுப் பாத்திரத்தையும் தூக்கிட்டுத் தெருவுலயா நிக்க முடியும்?"

அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. தப்பு யார் பக்கமாவது இருந்தால் தொழில் சுலபம். தப்புக்காரனைப் பிடித்துப் பணிய வைத்துவிடலாம்.

அன்றைக்கு வெயிலில் ரெட்டியார்சத்திரம் பக்கம் பஸ் ஏறினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கடன் முடிகிறதுக்கு முந்தி அந்தப் புது வீட்டு வாசலில் போய் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வருவேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பூட்டிய கதவில் சாய்ந்து கால் நீட்டினேன். ஆடி பிறக்கப் போகிற காற்று. சோளக் காடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தன. தூரத்துச் சிறுமலை கிட்டே வருவது போலவும் விலகிப் போவது போலவும் இருந்தது. புழுதி எழும்பி மஞ்சளாக ஒரு திரை போட்டது. கண் சொக்கியது.

தூங்கினேனா முழித்திருந்தேனா தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் வீட்டுக்குள் ஆள் நடமாடுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் உருள்கிறது. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். இடியாப்ப ஆவி கதவிடுக்கில் கசிந்து வருகிற மாதிரி இருந்தது. திடுக்கிட்டு எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெறும் தரை, அதன் மேல் கட்டமாக வெயில், அவ்வளவுதான். மாடி அறையின் வாசனை என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

அங்கேயே நின்றேன். அந்தச் சத்தம் என் தலைக்குள் அடங்கவில்லை. அவர்களே இங்கே வந்தால் என்ன?

பாருங்கள். ஆடி முழுக்க ஜெயாவும் செல்வராஜும் இந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள். நம் ஜனங்கள் ஆடியில் குடிபோகிறதில்லை. காதர் பாய்க்கு அந்தத் தடை கிடையாது. சந்து வீட்டுச் சுவருக்குப் பதிலாக இந்த வீட்டுச் சுவரை அவர் கையில் கொடுத்துவிட்டால்? ஒத்திப் பணம் வருகிற வரைக்கும் அவர் இங்கே இருப்பார். மாடி காலியாகும். இன்ஜினியர் வருவார், பார்ப்பார், கடன் வரும். பாய்க்கு அவர் பணம், செல்வராஜுக்கு அவர் வீடு. பழைய வீட்டை வாங்குகிறவரிடமும் எதையும் மறைக்க வேண்டாம். ஒத்திப் பத்திரத்தை மேசை மேலேயே வைத்து, பாயின் பணம் எதிலிருந்து போகும் என்று சொல்லிவிடலாம். அப்படியே அவரிடம் சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

ஆனால் வீடு இன்னும் நெய்க்காரப்பட்டிக்காரருடையது. மறுநாளே பழனி பஸ்ஸைப் பிடித்தேன். அவர் தென்னந்தோப்பில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விழுந்து கிடந்த ஓலையை இழுத்து ஓரமாகப் போட்டார்.

"ஏனுங்க, நானு வீட்ட விக்கறது ஒருத்தருக்கு. குடி வெக்கச் சொல்றீங்க இன்னொருத்தர. முழுப் பணமும் வரலீங்க. நாளைக்கு அவிய எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்துட்டா நானு யாரப் போயிக் கேக்கோணுங்க?"

"என்னைக் கேளுங்க" என்றேன்.

"உங்கள எனக்குத் தெரியுமுங்க. அவிய எப்படிப்பட்டவிய? அதச் சொல்லுங்க."

இந்த மாதிரி நேரத்தில்தான் உங்கள் நாக்கு உங்களைக் கவிழ்க்கும். தங்கமானவர்கள், சொக்கமானவர்கள் என்று அடுக்கத் தோன்றும். அடுக்கினால் காரியம் கெட்டது. நல்லவர்கள் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். நான் அந்த மாடி அறையை நினைத்துப் பார்த்தேன். எத்தனையோ வருஷம் ஆவி பிடித்த அறை. சுவரில் ஒரு ஆணி கூட அவர்களாக அடித்தது இல்லை.

"உங்க வீட்டைத் தன் வீடு மாதிரி வச்சுக்குவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "அடுத்தவங்க வீடு மாதிரி வச்சுக்குவாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். எட்டாவதுகூட முடிக்காதவன் பேசிய பேச்சு, தம்பிகளா. எந்தக் காலேஜில் சொல்லித் தருவார்கள் இதை?

சாவியோடு சந்துக்கு வந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஜெயா ஒரே வார்த்தையில் நிறுத்தினார்.

"முடியாதுண்ணே."

செல்வராஜ் வாய் பிளந்து மனைவியைப் பார்த்தார்.

"நான் பால் காய்ச்சாத வீடு. ஒரு அடுப்பு எரியாத வீடுன்னுதான ஆசைப்பட்டேன்? தெனமும் கண்ண மூடுனா அந்த அடுப்படிலதான் நிக்கிறேன். பாலு பொங்கி வழியுது, எனக்குக் கேக்குது. அதுக்கு முந்தி இன்னொருத்தர் அங்க வெஞ்சனம் தாளிச்சு, இடியாப்பம் அவிச்சு... அப்புறம் நான் எத முதல்ல ஏத்தி வைக்க?"

"சாமான் மட்டும் கொண்டு போகட்டும், அடுப்புப் பத்த வைக்க வேணாம்னு சொல்லிரலாமாண்ணே?" என்றார் செல்வராஜ்.

"அதை நான் போய்ச் சொல்ல மாட்டேன். அந்த அம்மாவுக்கு அடுப்புதான் பொழப்பு" என்றேன்.

 மாடியில் தட்டு இறக்குகிற சத்தம் கேட்டது. அந்தப் பலகைத் தளத்தில் மேலே பேசுவது கீழே கேட்கும், கீழே பேசுவது மேலேயும் கேட்கும்.

மலர் தன் பாடப் புத்தகத்தை மூடினாள். "அம்மா, உன் பாலு பொங்குறதுக்கு முந்தி எனக்குப் பரீட்சை பொங்கிரும். யோசிச்சுக்க."

"ஏலே, வாய மூடு" என்றார் செல்வராஜ். மகளைச் செல்லமாகக் கூப்பிடுவது அவருக்கு அப்படித்தான்.

ஜெயா மகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார். "சாவியக் குடுங்கண்ணே. நானே மாடில போய்க் குடுக்கிறேன்." படியேறிப் போனவர் அடுப்பைப் பற்றி எதுவும் சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆடி பிறந்தது. காதர் பாயின் சாமான்கள் ஒரு சின்ன வண்டியில் சந்து முனையிலிருந்து கிளம்பின. இடியாப்ப உரல், தட்டுகள், இரண்டு பெட்டி, ஒரு ரோஜாத் தொட்டி. சந்து ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "வீட்டை வித்தவுக இங்க இருக்காக, ஒத்திக்காரவுக புது வீட்டுக்குப் போறாக. லோன் அண்ணனுக்கு மூளை கலங்கிருச்சு" என்று ஒரு அம்மா என் காதுபடவே சொன்னார். நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

இன்ஜினியர் வந்தார். மாடியில் ஏறிப் பார்த்தார். வெறும் அறை. ஜன்னலைத் திறந்தால் பாறை தெரிந்தது. எழுதிக்கொண்டு போனார். பிறகு நடந்த பேங்க் வேலைகளை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆடி முழுக்க நான் ரெட்டியார்சத்திரம் பக்கம் போகவில்லை. போனால் மேற்பார்வை பார்க்க வந்த மாதிரி ஆகிவிடும். ஒருவரை நம்பி ஓர் இடத்தில் வைத்தால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. இருந்தாலும் ராத்திரி கண்ணை மூடினால் எனக்கும் அந்த வீடுதான். காற்று அடிக்கும், கதவு திறக்கும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று முகம் தெரியாது. அடுத்தவர்களுக்கு வீடு மாற்றிக் கொடுத்துக் கொடுத்து எனக்கும் அந்த மயக்கம் தொற்றிவிட்டது போல.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து இரண்டு கிரயமும் ஒரே நாளில் முடிந்தன. பழைய கடன் அடைந்தது. பதிவு ஆபீஸ் மரத்தடியில் செல்வராஜ் காதர் பாயின் கையில் ஒத்திப் பணத்தைக் கொடுத்தார். வழக்கப்படி அந்த நிமிஷமே சாவி கை மாற வேண்டும். காதர் பாய் சாவியை எடுக்கவில்லை.

தென்னந்தோப்பில் நெய்க்காரப்பட்டிக்காரர் கேட்ட கேள்வி என் காதில் கேட்டது. செல்வராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாவி வீட்டுல இருக்குண்ணே" என்றார் காதர் பாய். "நூர்ஜகான் கையாலதான் தரணும்னு சொல்லிருக்கு. எல்லாரும் வாங்க. பாலு வாங்கிட்டு வாங்க."

அன்றைக்கு ஒரு நாள் மட்டும் பக்கத்து வீட்டுப் பையன்களைத் தெருமுனை வரை தூக்க விட்டு, மலர் ஆட்டோவில் வந்தாள். ஆட்டோ கேட்டுக்கு நேராகப் போய் நின்றது. செல்வராஜ் பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார். "கைய எடுப்பா. வண்டிய எறக்கு" என்றாள் மலர். சக்கர நாற்காலி அந்தச் சரிவில் தானாக ஏறுகிற மாதிரி ஏறிப் போயிற்று.

வாசலில் நூர்ஜகான் நின்றிருந்தார். சாவியை ஜெயாவின் கையில் வைத்தார். ஜெயா அதை வாங்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

அடுப்படி மேடை கண்ணாடி மாதிரி இருந்தது. சுவரில் ஒரு புகைத் தடம் இல்லை. ஒரு எண்ணெய்ப் பொட்டு இல்லை. மேடையின் மூலையில் கட்டட வேலைக்காரர்கள் விட்டுப் போன சுண்ணாம்புத் துளி அப்படியே காய்ந்து கிடந்தது. அங்கே யாரும் எதையும் ஏற்றி வைத்ததே இல்லை.

"அப்போ எங்க சமைச்சீங்க?" என்றார் ஜெயா. 

நூர்ஜகான் பின்கதவைக் காட்டினார். வெளியே கொல்லையில், சுவரோரமாக மூன்று கல். காற்றுக்கு மறைப்பாக ஒரு தகரத் தட்டி, அதுவும் ஒரு பக்கம் பிய்ந்து கயிற்றால் கட்டியிருந்தது. கல் மூன்றும் கரி பிடித்துக் கிடந்தன. ஆடிக் காற்றில், திறந்த வெளியில், அத்தனை ஓட்டலுக்கும் அந்தக் கல்லில் அவித்திருக்கிறார். முன்கையில் தீ நாக்குப் பட்ட தழும்பு இருந்தது.

"யாரு உங்கள இப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? இத்தன வருசம் உங்க தலைக்கு மேல குடியிருந்திருக்கோம். பால் காய்ச்சாம நீங்க ஒரு எடத்துல கால வைப்பீங்களா? எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார் நூர்ஜகான். "காத்துதான் சண்டைக்கு வந்துச்சு. அதையும் சமாளிச்சாச்சு, அல்லாஹ் புண்ணியத்துல."

ஜெயா அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணை மூடித் தினமும் நின்ற அந்த மேடை. பிறகு பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்கதவைத் தாண்டி வெளியே போனார். கரி பிடித்த அந்த மூன்று கல்லின் மேல் பாத்திரத்தை வைத்தார்.

"ஜெயா, என்ன பண்ற?" என்று செல்வராஜ் பதறினார்.

"வீட்டுக்கு அடுப்பு எரிஞ்ச எடம் இதுதான?" என்றார் ஜெயா. "கொள்ளியக் கொண்டாங்க நூரம்மா."

காற்று விடவில்லை. தீ படுத்துப் படுத்து எழுந்தது. நூர்ஜகான் தகரத் தட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயா குனிந்து ஊதினார். புகை இருவர் முகத்தையும் மூடித் திறந்தது. எது யார் முகம் என்று தெரியவில்லை. அப்பால் சோளக் காடும் அதற்கு அப்பால் அந்த நீலக் கோடும் புகைக்குள் ஆடின. பால் பொங்கி மூன்று கல்லின் மேலும் வழிந்தது.

வீட்டுக் கடன் என்பது என்ன என்று உங்களில் யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். பேங்க் பணம்தான் கொடுக்கும். யார் முதலில் நகர வேண்டும், அவர் நகர்ந்து எங்கே நிற்பார் என்று பார்க்க வேண்டியது நம் வேலை. நகரச் சொல்கிறவரைத் தெருவில் நிறுத்தாதீர்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் கமிஷன் வாங்காமல் வந்துவிட்டேன் என்பது ஞாபகம் வந்தது. என் தொழில் வாழ்க்கையில் அப்படி மறந்தது அந்த ஒரு நாள்தான். மறுநாள் காலையில் போய் வாங்கிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

நான் போனபோது கேட்டில் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மலர் மடியில் புத்தகப் பையோடு சரிவில் சர்ரென்று இறங்கி வந்து, டிரைவர் கை கொடுக்க ஏறி உட்கார்ந்தாள். செல்வராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டினார். பிறகு முன்னால் கட்டினார். பிறகு தொங்கவிட்டார்.

ஆட்டோ கிளம்பும்போது மலர் தலையை வெளியே நீட்டினாள்.

"லோன் மாமா, எங்க அப்பாவுக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்க. கை சும்மா கெடக்கு."